அழுதாலும் அழியாத சாயம்

நன்னாரி சர்பத்தில் ஐஸ் கரைவதற்குள் குடித்துவிடுங்கள், சார். ஜீப் திருப்பாலைவனத்தில் மக்கர் செய்து, மீதி வழியை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறீர்கள் என்பது சட்டையைப் பார்த்தாலே தெரிகிறது. அதுவும் எதற்கு, ஒரு கண்மைப் பெட்டிக்காக. கண்மைகூட இல்லை, இமைக்கு மேலே பூசிக்கொள்ளும் வண்ணப் பொடி. ஐ ஷேடோ என்கிறார்கள். மனிதருக்கு இமை இரண்டுதான், இதில் பன்னிரண்டு வண்ணம் எதற்கு என்று முதலில் பார்த்தபோது நானும் யோசித்தேன். யோசித்துக்கொண்டே வாங்கிவிட்டேன். என் வியாபார மூளையைப் பற்றி நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டிய முதல் விஷயம் அது.

பெட்டி இதோ உங்கள் முன்னால் இருக்கிறது. பரணில் பழைய லுங்கியில் சுற்றி வைத்திருந்ததை உங்கள் ஆள் எடுத்தார். நானே இறக்கிக் கொடுத்திருப்பேன், அவருக்கு அவசரம். பொன் முலாம் ஓரம், மூடியின் உள்பக்கம் ஓரமாக ஒரு சின்னக் கண்ணாடி, வெளியே சாய்ந்த எழுத்தில் பாரிஸ். இது வரி கட்டாமல் வந்த வெளிநாட்டுச் சரக்கு என்பது சுங்க இலாகாவின் கட்சி. இல்லை என்பது என் கட்சி. நீங்கள் சொல்வது நிலைத்தால் கடைக்குப் பூட்டு. பழவேற்காடு கடைத்தெருவில் மூன்று தலைமுறையாக வியாபாரம் செய்யும் குடும்பம், கடைசியில் ஜலாலுதீன் என்பவனால் மூடப்பட்டது என்று ஆகும். ஆகவே ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடப் போகிறேன். சொல்லி முடித்ததும், இந்தப் பெட்டிக்குள் வெளிநாட்டுச் சரக்கு ஒரு சிட்டிகைகூட இல்லை என்று நீங்களே எழுதுவீர்கள்.

சாட்சியும் இருக்கிறது. உள்ளே வரும்போது, வாசலில் கண்ணில் துணி கட்டிக்கொண்டு இறால் உரிக்கிறாளே அவள் யார் என்று கேட்டீர்கள். அவள் பெயர் அம்மணி. அவள்தான் என் சாட்சி. என் இடது மணிக்கட்டில் இருக்கும் வெள்ளைத் தழும்பையும் கேட்டீர்கள். அதற்கும் வருகிறேன். கடையில் இருக்கிற எல்லாத் துணியையும் முதலிலேயே விரித்துப் போடுகிற பழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. கதவைக் கொஞ்சம் சாத்திக்கொள்கிறேன், சார். காற்று அவள் பக்கம் அடிக்கிறது.

நான் பேரத்துக்குள் பிறந்தவன். என் வாப்பா துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து இறாலுக்கு விலை பேசுவார். முகத்தில் ஒன்றும் தெரியாது. பார்க்கிறவர்கள், இரண்டு பேர் கைகோத்து துக்கம் விசாரிக்கிறார்கள் என்று நினைப்பார்கள். எனக்கு அந்த விரல் வரவில்லை, வாய்தான் வந்தது. பெண் பார்க்கப் போன வீட்டில் பலகாரத்துக்குப் பேரம் பேசியவன் என்று ஊரில் என்னைப் பற்றி ஒரு கதை உண்டு. அது பொய். பலகாரம் நன்றாகத்தான் இருந்தது, பெண்ணுக்குத்தான் பேசினேன். அவர்கள் படியவில்லை. அதனால் இந்த நாற்பது வயதிலும் நான் தனி ஆள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், வீட்டில் ஒரு மனைவி இருந்திருந்தால் இந்த வண்ணத்தைப் பூசிப் பார்க்க அம்மணியைக் கூப்பிட வேண்டி வந்திருக்காது. படியாத அந்தப் பெண் நல்ல காரியம் செய்தாள் என்று இப்போது நினைக்கிறேன்.

கதை கைருன் பீவியிடம் தொடங்குகிறது. தூரத்து உறவில் எனக்குச் சாச்சி, அதாவது சித்தி முறை. கணவர் வைத்துவிட்டுப் போன ஐஸ் ஃபாக்டரியை ஒற்றை ஆளாக நடத்துகிறவர். போன வருஷக் கடைசி, டில்லியில் ஆசிய விளையாட்டு நடந்து ஊரெல்லாம் கலர் டீவி கேட்ட சமயம். அவருடைய மகள் ராபியாவுக்கு மெட்ராஸில் சம்பந்தம் முடிந்திருந்தது. மாப்பிள்ளை துபாயில் இருந்தார். சாச்சி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"ஜலாலு, சம்மந்தி வூட்டுப் பொம்பளைங்களுக்கு வாய் பெருசு. சீர்த்தட்டுல ஒண்ணாவது அவளுங்க கண்ணால பார்க்காத சாமானா இருக்கணும்."

"ஜப்பான் டேப் ரிக்கார்டர் இருக்கு சாச்சி. ரெண்டு பக்கமும் ஸ்பீக்கரு."

"அது அவங்க வூட்டு வேலைக்காரிகிட்டயே இருக்குதாம். வேற சொல்லு."

அப்போதுதான் நான் மெட்ராஸில் பார்த்து வந்த கண் வண்ணப் பெட்டியைப் பற்றிச் சொன்னேன். திரைக்குப் பின்னாலிருந்து ராபியா, "எனக்கு அதெல்லாம் வாணாம்மா, சுர்மா போதும்" என்றாள். "நீ சும்மா கெட, உனக்கு யாரு வாங்குறா? அவளுங்க பார்க்கறதுக்கு வாங்குறேன்" என்றார் சாச்சி. பிறகு என் பக்கம் திரும்பி, அவருடைய ஒரே நிபந்தனையைச் சொன்னார்.

"பரக்கத் பீவி பொண்ணு கல்யாணத்துல, அவ அழுது அழுது கண்ணுமையெல்லாம் வழிஞ்சி, மாப்ள வூட்டு வேன்ல ஏறும்போது பேயாட்டம் இருந்தா. மாப்ளயோட அக்காக்காரி வாயப் பொத்திக்கினு சிரிச்சா. எம்மவளப் பார்த்து எவளும் சிரிக்கக் கூடாது. அழுதாலும் அழியாத சாயமா இருக்கணும்."

"அழுவாம போவச் சொல்லுங்க சாச்சி, பிரச்சினையே இல்ல."

"அழுவாம போனா ஊரு இன்னா பேசும்? நல்லாத்தான் அழுவா. நீ சாயத்தப் பாரு."

"அழியாது சாச்சி. நான் கேரண்டி."

இந்தக் கேரண்டி என்ற வார்த்தையை இந்தத் தெருவில் என் அளவுக்குச் சல்லிசாகப் பயன்படுத்தியவர் யாரும் இல்லை. கடிகாரத்துக்குச் சொல்லியிருக்கிறேன், குடைக்குச் சொல்லியிருக்கிறேன். யாரும் அதைக் கல்யாணத் தேதியோடு சேர்த்து ஞாபகம் வைத்துக்கொண்டதில்லை. சாச்சி வைத்துக்கொண்டார்.

மெட்ராஸில் நான் வாங்கிய இடத்தையும் ஆளையும் சொல்லிவிடுகிறேன். துறைமுகத்துப் பக்கம் நடைபாதையில் கடை போட்டிருந்தவர். பெயர் சிங்காரம். பெட்டிக்கு மேலே பளபளவென்று கண்ணாடித்தாள் சுற்றியிருந்தது. திறந்து காட்டுங்கள் என்றேன். "பாய், பாரிஸ்ல மூடினது. இத நாம தொறந்தா இதுக்குப் பேரு செகண்ட் ஹேண்டு. கல்யாணப் பொண்ணு கைதான் தொறக்கணும்" என்றார். நியாயமாகப் பட்டது. மூடியில் சின்ன ஜன்னல் மாதிரி வெட்டியிருந்தது, அதன் வழியே பன்னிரண்டு வட்டங்கள் தெரிந்தன. எல்லாம் வெளிறிய இனிமையான நிறங்கள். பிஸ்தாப் பச்சை, கத்தரிப்பூவில் பால் ஊற்றினாற்போல் ஒன்று, விடிகிற நேரத்து ஆகாயம், நடுவில் ஒரு ரோஜா. நம் ஏரிக்குக் குளிர்காலத்தில் வரும் பூநாரையின் இறக்கையடி நிறம் அது. அவர் சொன்ன விலையில் பாதிக்குக் கேட்டேன். மனிதர் அழுதுவிட்டார். "நீ பேரம் பேசல பாய், எங்க வூட்டு ஓலையப் பிரிக்கிற" என்றார். கண்ணில் உண்மையான தண்ணீர். நான் பீச் ஸ்டேஷன் வரை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். வாப்பா மட்டும் உயிரோடு இருந்து பார்க்கவில்லையே என்றுகூட நினைத்தேன்.

வீட்டில் வந்து பிரித்தேன். சாச்சி முன்னால் பிரித்து அவமானப்பட வேண்டாம் என்ற முன்ஜாக்கிரதைதான். பன்னிரண்டு குழியிலும் வண்ணக் காகிதம் வட்டமாக வெட்டி ஒட்டியிருந்தது. அவ்வளவு நேர்த்தியாக வெட்டிய கையை நான் மெச்சத்தான் செய்தேன். பெட்டியின் அடித்தட்டைக் கத்தியால் நெம்பிப் பாருங்கள், சார். பிஸ்கட் தகரத்தின் அச்சடித்த பக்கம் தெரியும், 'உலர்ந்த இடத்தில் வைக்கவும்' என்று தமிழில். உங்கள் வழக்குக்கு இதுவே போதும் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் குழிக்குள் இருக்கும் பொடி எந்த நாட்டுடையது என்று கேட்டீர்கள். பொடிக்கு வருவோம்.

மெட்ராஸுக்குத் திரும்பிப் போய்ச் சண்டை போட்டிருக்கலாம். சண்டை என்றால், ஒரு நடைபாதைக்காரன் பொய்க் கண்ணீருக்கு ஜலாலுதீன் ஏமாந்தான் என்று நானே ஊருக்கு அறிவிக்க வேண்டும். அதைவிடக் குழியை நிரப்புவது சுலபமாகத் தெரிந்தது. முகப் பவுடரில் கோலக் கலர் கலந்து பார்த்தேன், ஊதினால் பறந்தது. அரிசிமாவில் கலந்து வைத்தேன். மறுநாள் எறும்புகள் அழகுபடுத்திக்கொண்டிருந்தன. மனம் உடைந்து சாச்சி வீட்டு வாசலுக்கு எதிரே நின்றிருந்தேன். கல்யாணத்துக்காக அவர்கள் வீட்டுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளை என்பது பேச்சுக்குத்தான். நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும், வரும் வழியில் பார்த்திருப்பீர்கள். ஏரிக் கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டு எடுத்த சுண்ணாம்பில் ஒரு கைப்பிடி கலர்ப் பொடி போட்டால், வீட்டுக்கு வீடு பிஸ்தாப் பச்சை, வெளிர் ரோஜா, ஆகாய நீலம். பாரிஸ்காரன் பெட்டியில் அடைத்து விற்கிற அதே நிறங்கள் எங்கள் தெருவில் சுவர்களாக நின்றன. எத்தனை ஐப்பசி மழை அடித்தும் போகாத நிறம். சாச்சியின் நிபந்தனை என் கண் முன்னாலேயே பூசப்பட்டுக்கொண்டிருந்தது.

நீங்கள் பழவேற்காட்டில் பிறந்திருந்தால் உங்களுக்கும் இந்த யோசனை வந்திருக்கும். சுண்ணாம்பு எங்களுக்கு அந்நியப் பொருள் இல்லை. சுவரில் பூசுகிறோம், படகுக்கு அடியில் அடைக்கிறோம், வெற்றிலையில் தடவி வாயில் போட்டுக்கொள்கிறோம். வாய்க்குள் போவது இமைக்கு வெளியே பட்டால் என்ன? இப்படித்தான் எனக்கு நானே எடுத்துச் சொன்னேன். நான் நல்ல பேச்சுக்காரன், எனக்கே மறுத்துச் சொல்ல வரவில்லை.

காளவாயில் கேட்டு, தண்ணீர் காட்டாத சுண்ணாம்பாக வாங்கி வந்தேன். வெற்றிலைக்கு வைப்பது தண்ணீர் ஊற்றி ஆறவைத்தது. அது குழைந்துவிடும், கட்டி தட்டும். தண்ணீர் காட்டாததைத் துணியில் சலித்தால் முகப் பவுடர் தோற்கும். தண்ணீர் பட்டால் அது கொதிக்கும் என்பதால், தேங்காய் எண்ணெய் விட்டுக் குழைத்தேன். பன்னிரண்டு நிறம் கலந்து, கரண்டிக் காம்பால் அழுத்தி, மேலே ஒரு நாணயத்தை வைத்துத் தட்டி வழவழப்பாக்கினேன். பூநாரை நிறம் மட்டும் மூன்றாவது தடவையில்தான் சரியாக வந்தது. முடித்துப் பார்த்தபோது, பெண்ணாய்ப் பிறந்திருந்தால் நானே வாங்கியிருப்பேன் என்று தோன்றியது. பேரம் பேசித்தான்.

அழியுமா என்பதைச் சோதிக்க வேண்டும். இதில் நான் ஒழுங்கானவன். என் கடையில் டார்ச் லைட்டைப் போட்டுக் காட்டாமல் விற்றதில்லை, பேனாவை எழுதிக் காட்டாமல் விற்றதில்லை.

அம்மணி தினமும் காலையில் கடை வழியாகத்தான் ஏரிக்குப் போவாள். அவளும் அவள் புருஷன் நாகப்பனும் கையால் இறால் பிடிக்கிறவர்கள். படகு கிடையாது, வலை கிடையாது. கழுத்தளவுத் தண்ணீரில் தவழ்ந்துகொண்டே சேற்றைத் தடவி, விரலில் பட்ட இறாலை எடுத்து, பல்லில் கடித்துப் பிடித்திருக்கும் ஓலைப் பறிக்குள் போடுவார்கள். முகம் பாதி நேரம் தண்ணீரில்தான் இருக்கும். ஒரு கல்யாணப் பெண் எவ்வளவு அழுதாலும் அவ்வளவு நனைய மாட்டாள். சோதனைக்கு இதைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. இன்னொன்றும் யோசித்தேன். இதை நீங்கள் கருணையாகக்கூட எடுத்துக்கொள்ளலாம். அந்தக் கலங்கல் தண்ணீரில் கண் என்ன செய்யும்? அவள் தொழிலுக்குப் பார்வை தேவையில்லை, விரல்தான் பார்க்கிறது. தெருவில் இருக்கிற எல்லோரிலும் கண்ணால் பிழைக்காதவள் அவள் ஒருத்திதான். எனக்கென்றால் நூலின் தரம் பார்க்க வேண்டும், பில் பார்க்க வேண்டும், போலீஸ் வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

கூப்பிட்டேன். பெட்டியைத் திறந்து காட்டினேன். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தாள், தொட்டால் குற்றம் என்பது போல.

"இன்னா பாய் இது, மிட்டாயா?"

"கண்ணுக்குப் போட்டுக்கிறது. ராபியாவுக்கு வாங்கினது. நீ போட்டுப் பார்க்கிறியா?"

"எனக்கா? காலீல சாராயம் எதுனா குடிச்சியா பாய்?"

"நெசமாத்தான் சொல்றேன். தண்ணில நிக்குதான்னு பார்க்கணும். எந்தக் கலர் வேணும், எடு."

அவள் பன்னிரண்டையும் பார்த்தாள். எந்தக் கடையிலும் எந்தப் பெண்ணும் அவ்வளவு நேரம் எடுத்து நான் பார்த்ததில்லை. கடைசியில் மோவாயால் பூநாரை நிறத்தைக் காட்டினாள். கூலியாக என்ன வேண்டும் என்று கேட்டேன். நான் ஒரு நல்ல புடவை வரைக்கும் போகத் தயாராக இருந்தேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். அவள் கடையின் உள்பக்கம் இருக்கும் ஆளுயரக் கண்ணாடியைக் காட்டினாள்.

"அதுல ஒரு தபா பார்த்துக்கட்டா? எங்கூட்டுக் கண்ணாடில ஒரு கண்ணு தெரிஞ்சா இன்னோரு கண்ணு தெரியாது."

இவ்வளவு சல்லிசாக நான் எந்தப் பேரத்தையும் முடித்ததில்லை. பஞ்சில் தொட்டு, இரண்டு இமையிலும் நானே பூசிவிட்டேன். ஓரம் வரைக்கும் நன்றாக. அவள் கண்ணாடி முன்னால் போய் நின்றாள். ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள், பிறகு மற்றதை. இரண்டையும் மூடினால் தெரியாதே என்று அவளே சிரித்துக்கொண்டாள்.

"ராபியா பாப்பாவுக்கு இது எடுக்கும் பாய். அது செவப்பு. நம்ம மூஞ்சிக்குச் சேத்துல பூ வெச்ச மாதிரி கீது."

நல்லாத்தான் இருக்கிறது என்றேன். வியாபாரத்துக்காகச் சொல்லவில்லை. உண்மையில் நன்றாக இருந்தது. பிறகு அவளிடம் ஒரு வார்த்தை வாங்கிக்கொண்டேன். கல்யாணப் பெண்ணின் பெட்டியை அவளுக்கு முன்னால் இன்னொருத்தி போட்டுப் பார்த்தது தெரிந்தால் சாச்சி என்னைத் தொலைத்துவிடுவார். இதை யாரிடமும் சொல்லக் கூடாது. "நான் எதுக்குப் பாய் சொல்லப் போறேன்?" என்றாள். பறியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஏரிக்குப் போனாள். தெருமுனை வரை இமையைக் கொட்டாமல் போனாள், கலைந்துவிடக் கூடாது என்று.

வெயில் ஏறுவதற்குள் நாகப்பன் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு என் கடைக்கு ஓடி வந்தான். வேறு எங்கும் போகவில்லை, என்னிடம்தான் வந்தான். தெருவில் படித்தவன், பணக்காரன், நாலு இடம் தெரிந்தவன் நான்தானே. "பாய், கண்ணு எரிதுன்றா பாய், தண்ணில மொகத்த வெச்சா இன்னும் எரிதுன்றா, தொறக்க மாட்டேன்றா" என்றான். இமை இரண்டும் வீங்கி மூடியிருந்தன. சாயம் பெரும்பாலும் அப்படியேதான் இருந்தது. முதலில் நான் கவனித்தது அதைத்தான். பொய் சொல்லக் கூடாது என்பதால் சொல்கிறேன்.

நானே பஸ்ஸில் பொன்னேரிக்கு அழைத்துப் போனேன், என் துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டு. டிக்கெட் என்னுடையது, அவளுக்குக் குடிக்கக் கலர் சோடா வாங்கிக் கொடுத்தது நான், தனியார் டாக்டருக்கு ஃபீஸ் கொடுத்தது நான். இதையெல்லாம் நாகப்பன் இன்றைக்கும் நாலு பேரிடம் சொல்வான். டாக்டர் அவளிடம் என்ன பட்டது என்று கேட்டார். அவள் மூடிய கண்ணோடு முகத்தை நான் நிற்கிற பக்கமாகத் திருப்பினாள். சொல்லட்டுமா என்று கேட்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. கொடுத்த வார்த்தையைக் காப்பாற்றுகிறாள். என் வியாபார வாழ்க்கையில் நான் சந்தித்த ஒரே ஆள் அப்படி.

"ஏரியில சொறி பட்டுடுச்சு டாக்டர்" என்றேன். சொறி என்றால் கையில் பட்டால் அரிக்குமே, அந்த வழவழ மீன். வருஷா வருஷம் யாருக்காவது படுவதுதான்.

"ஆமா சார், சொறிதான்" என்றாள் அம்மணி.

டாக்டர் இமையை நகர்த்திப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார். "சொறி பட்டா இப்படி இருக்காதே. சுண்ணாம்பு, ஆசிட் மாதிரி ஏதாவது பட்டுதா? பட்டிருந்தா இப்பவே சொல்லுங்க. தண்ணிய ஊத்தி ஊத்திக் கழுவிக்கிட்டே இருக்கணும். நேரம் போச்சுன்னா ஒண்ணும் செய்ய முடியாது."

இல்லை என்று சொன்னேன். நிதானமாக யோசித்துத்தான் சொன்னேன். சுண்ணாம்பு என்றால் எப்படிப் பட்டது என்று கேட்பார். அதைச் சொன்னால், நாங்கள் திரும்பிப் போகிற பஸ்ஸுக்கு முன்னால் செய்தி பழவேற்காட்டுக்குப் போய்விடும். அந்த வாரத்தில் கல்யாணம். அவர் பிறகு மருந்து போட்டுக் கட்டுக் கட்டினார். கட்டு அழகாக இருந்தது.

கட்டைப் பிரித்த பிறகு அவளுக்கு வெளிச்சம் மட்டும் தெரிகிறது, அதுவும் ஒரு பக்கம். கண் கூசுகிறது என்று துணி கட்டிக்கொள்கிறாள். முன்பு சொன்னேனே, அவள் தொழிலுக்குக் கண் தேவையில்லை என்று. அதில் நான் தப்புக் கணக்குப் போடவில்லை. போன மாசம் பிடிவாதமாக ஏரியில் இறங்கினாள். இறாலை முன்னைப் போலவே பிடித்தாள். கரையைத்தான் கண்டுபிடிக்க முடியவில்லை. முகத்துவாரத்துப் பக்கமாகத் தவழ்ந்து போய்க்கொண்டிருந்தவளை நாகப்பன் இழுத்து வந்தான். இறால் பிடிப்பதில் கரைக்குத் திரும்புவதும் சேர்ந்தது என்று எனக்குத் தோன்றவில்லை, சார். நான் கடைக்காரன். அதற்குப் பிறகுதான் என் வாசலில் உட்கார்ந்து இறால் உரிக்கும் வேலை கொடுத்தேன். சொறி பட்டதாக அவள் ஊருக்குச் சொல்கிறாள். எனக்கு மட்டும் தனியாக ஒரு தடவை சொன்னாள்: "வெளிநாட்டுச் சாமான் நம்ம தோலுக்கு ஒத்துக்கல பாய். உம் மேல தப்பு இல்ல. ஆசப்பட்டது நான்."

பெட்டியை நான் ராபியாவிடம் கொடுக்கவில்லை. இதை அடிக்கோடிட்டு எழுதிக்கொள்ளுங்கள். சோதனையில் தோற்ற சரக்கை விற்கிறவன் நான் இல்லை. கல்யாணத்துக்கு முதல் நாள் சாச்சியிடம் போய், பெட்டியைக் கஸ்டம்ஸ்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள் என்று சொன்னேன். நல்ல பொய் என்று அப்போது பெருமைப்பட்டேன். யாரும் போய் விசாரிக்க முடியாத இடம் அல்லவா? சாச்சியின் சம்பந்திக்கு மச்சான் ஒருவர் துறைமுகத்தில் வேலையாக இருக்கிறார் என்பதும், சாச்சி கொடுத்த காசை விடுகிறவர் இல்லை என்பதும் எனக்கு அப்போது உறைக்கவில்லை. அவர் மூலம் சாச்சி விசாரிக்க, அப்படி ஒரு பெட்டியை யாரும் பிடிக்கவில்லை என்று உங்களுக்குத் தெரிய, பிடிக்காத பெட்டியைப் பிடிக்க நீங்கள் கிளம்பி வந்திருக்கிறீர்கள். என் பொய்யே எனக்குச் சம்மன் அனுப்பியிருக்கிறது. பெட்டியைத் தூக்கி ஏரியில் எறிந்திருக்கலாம். விலை கொடுத்து வாங்கியது, மனம் வரவில்லை.

ராபியா சுர்மா மட்டும் போட்டுக்கொண்டுதான் வேனில் ஏறினாள். நன்றாக அழுதாள். லேசாகத்தான் வழிந்தது, யாரும் சிரிக்கவில்லை. போன வாரம் துபாயிலிருந்து எழுதியிருக்கிறாளாம், அங்கே கட்டடங்களைப் பார்த்து முடியவில்லை என்று. அவள் இன்றைக்குப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு நான்தான் காரணம். இந்த ஊரில் ஒருவர்கூட அதற்கு நன்றி சொன்னதில்லை. சொல்ல முடியாது என்பது எனக்கும் தெரியும், ஆனாலும்.

இப்போது மணிக்கட்டு. நீங்கள் மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை. அம்மணியைக் கூப்பிட்டதற்கு முந்தின நாள் மதியம் அது. பூநாரை நிறத்தை என் கையில் ஒரு பட்டையாகப் பூசிப் பார்த்தேன். ஆண்பிள்ளைக்கு அசிங்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பாங்கு சொன்னார்கள். பள்ளிவாசலுக்குப் போய்த் தொழுகைக்காகக் கையைக் கழுவ உட்கார்ந்தேன். தண்ணீர் பட்டதும் கொதித்தது. பக்கத்தில் இருந்தவர் என்ன என்று கேட்கிற அளவுக்குக் கத்திவிட்டேன். தேள் என்றேன். தோல் உரிந்து வந்தது. பிறகு அங்கேயே தொட்டிப் பக்கம் உட்கார்ந்து, எரிச்சல் நிற்கிறவரை குவளை குவளையாகத் தண்ணீர் ஊற்றினேன். அதனால்தான் இத்தோடு போயிற்று.

பிறகு ஏன் அவளுக்குப் பூசினாய் என்று உங்கள் பேனா நின்றுவிட்டது. நியாயமான கேள்வி. கையின் தோல் வேறு, இமையின் தோல் வேறு. என் தோல் கடைக்குள்ளேயே இருந்து மெத்தென்று ஆனது, அவளுடையது உப்புத் தண்ணீரில் ஊறியது. ஒரே ஒரு சாம்பிளை வைத்துக்கொண்டு மொத்தச் சரக்கையும் தள்ளிவிட்டால் எந்த வியாபாரம் நடக்கும்? இரண்டாவதாக ஒன்று பார்க்க வேண்டியிருந்தது, பார்த்தேன்.

ஆகவே, சார், பெட்டி பிஸ்கட் தகரம், பொடி பழவேற்காட்டு ஏரிக் கிளிஞ்சல், எண்ணெய் நம்மூர்ச் செக்கு, கலர் பொன்னேரிக் கடை. வரி ஏய்ப்பு என்று என் மேல் யாரும் விரல் நீட்ட முடியாது. நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன். சாட்சிக்கு அம்மணியை உள்ளே கூப்பிடுகிறேன். கண் இல்லாதவள் எப்படிப் போடுவாள் என்று தயங்க வேண்டாம். அவள் முன்னாலிருந்தே கைநாட்டுதான்.